ஏழாவது வரி

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குத்துச்சண்டை அமைப்பின் அடுத்த வருஷக் குறிக்கோள்கள் என்று நீ அனுப்பிய தாள் வந்தது. போனில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி மூன்று தடவை படித்தேன். முதல் பக்கத்திலேயே உன் போட்டோ. கொலுசுப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். மெருகு போடும் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, "நம்ம பையனா இது!" என்றார். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. தாளை அனுப்பின கையோடு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பதினோரு நாளாகிறது.

மாதம் ஒரு போட்டி, எல்லா எடைப் பிரிவுக்கும் சாம்பியன் பெல்ட், பெண்களுக்கும் மேடை, தெற்கே சென்னையிலும் கோவையிலும் போட்டி. எல்லாம் நல்லதுதான். சேலத்தை விட்டுவிட்டார்கள், சரி. 2015-ல் விஜேந்தர் சிங் அமெச்சூரை விட்டு, பணத்துக்கு ஆடும் புரொஃபஷனலுக்குப் போனபோது, ஒலிம்பிக் மெடல் வாங்கினவருக்கு இது எதற்கு என்று கேட்டவன் நான். அடுத்த வருஷமே டெல்லியில் அவர் ஆசிய பசிபிக் பெல்ட்டை ஜெயித்ததை நாம் இரண்டு பேரும் டிவியில் பார்த்தோம். அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போனாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த ஏழாவது வரியை ஏன் கடைசியில் போட்டார்கள்? வீரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மூளை ஸ்கேன், 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்று. பெல்ட்டுக்கு நிதி இருக்கிறது, விளக்குக்கும் மேடைக்கும் இருக்கிறது. இதற்கு மட்டும் பொறுத்தா? உன்னை மதிக்கிற இடம் என்கிறாயே, நீ கேட்கக் கூடாதா?

அமெச்சூரில் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். இப்போது உன் பெயருக்கு நேராக எட்டு ரவுண்டு போட்டிருக்கிறது. 24 நிமிஷம், தலைக்கவசம் இல்லாமல். 1982-ல் கொரியாக்காரர் கிம் டுக்-கூ லாஸ் வேகஸில் பதினாலாவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் உலகப் பட்டப் போட்டியை 15 ரவுண்டிலிருந்து 12-க்குக் கொண்டுவந்தார்கள். எடைக்காக உடம்பை வற்றவைத்துத்தான் மேடை ஏறினாராம். சில மாதத்தில் அவருடைய அம்மாவும் உயிரை விட்டுவிட்டாள். உன் அம்மாவிடம் நான் இதைச் சொன்னதில்லை. நீ தண்ணீரைக் குறைத்து எடை இறக்காதே.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாமா பெண் கல்யாணம் தை 12. போன தடவை பேசும்போது இரண்டு முறை கேட்டாய், எழுதி வைத்துக்கொள். வீடியோவில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். டெல்லிக் குளிர் என்றாய். குளிராகத்தான் இருக்கும். தண்ணீர் மட்டும் நிறையக் குடி.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது உன் தாத்தா லாரி ஏறிப் போய் நேரு ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டு வந்தார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தாராம். ஒரு மாதம் பட்டறையில் அந்தக் காலாட்டத்தை ஆடிக் காட்டிக்கொண்டே இருந்தார். நாலே வருஷத்தில் அலிக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தாத்தா அதை நம்பவே இல்லை. நம் பிழைப்பே கையில்தானே இருக்கிறது. அரும்பை இடுக்கியால் எடுத்துக் கொலுசில் வைத்து, பொடி தூவி நெருப்புக் காட்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். கை ஒரு நூல் அசைந்தாலும் அரும்பு சாய்ந்து ஒட்டிவிடும். முப்பது வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். வேறொன்றும் இல்லை.

தம்பி, இல்லை, வேறொன்று இருக்கிறது. நீ பிளஸ் டூ படித்த வருஷம். நான் டிவிஎஸ்ஸில் பின்னால் வர, ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் நீ ஓடி ஏறுவாயே, அந்த வருஷம். மாநிலப் போட்டியில் அரையிறுதியை ஜெயித்தாய், ஆனால் கடைசி ரவுண்டில் காதுக்கு மேல் பலமாக வாங்கினாய். அன்று ராத்திரி லாட்ஜில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். "அப்பா, நாம எந்த ஊர்ல இருக்கோம்?" என்று கேட்டாய். முகத்தைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன். காலையில் டாக்டர், ராத்திரி ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். நன்றாகத் தூங்கினான் என்று நான்தான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் பேசவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னை மேடை ஏற்றியிருக்க மாட்டார்கள்.

பதக்கம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அது வெறும் முலாம் என்று கையில் வாங்கினவுடனேயே எனக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் பொய் சொன்னேன். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் நிதி தேடுகிறபோது தேடட்டும். நீ காத்திருக்காதே. உன் அக்கவுண்டில் பணம் போட்டிருக்கிறேன், இந்த வாரமே ஸ்கேன் எடு. டாக்டர் கேட்டால் அந்த ராத்திரியையும் சொல்லு. வாந்தி இரண்டு தடவை. ஊர்ப் பெயர் கேட்டாய். நான் சேலம் என்று பொய் சொன்னேன், நீ தூங்கிவிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா