தொப்பிக்கும் அளவைச் சென்டிமீட்டரில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் வெளியே போகிறவர்கள் அகல விளிம்புள்ள தொப்பி போட வேண்டும் என்று உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் தொப்பியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரும் எழுதுவதில்லை. காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற பக்கம் இது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கொஞ்சம் தளர்ந்த தொப்பியும் தலையில் நிற்காது. சரி, இறுக்கமாக வாங்கலாம் என்றால் நெற்றியில் தடம் விழுந்து மதியத்துக்குள் தலை வலிக்கும்.

மண்டபத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தொப்பியைப் பிடித்துக் கொடுங்கள், பிரித்து விடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான்: "போன தடவையும் எல் சைஸ்தான் வாங்கினேன், அது சரியாக இருந்தது, இது ஏறவே மாட்டேன் என்கிறது." அவர்கள் தலை மாறவில்லை. எம், எல் என்ற எழுத்துகளுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கே கிடையாது. ஒரு கம்பெனிக்கு 58 செ.மீ. என்பது எம், இன்னொரு கம்பெனிக்கு எல். ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருந்தால் பின்பக்கப் பட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

எண் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. அமெரிக்கக் கணக்கில் தலைச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, வட்டத்துக்கு விட்டம் காண்பதுபோல 3.14 ஆல் வகுக்கிறார்கள். 57 செ.மீ. தலைக்கு அது ஏழே அரைக்கால் (7 1/8) ஆகிறது. அதே தலைக்கு இங்கிலாந்துக் கணக்கில் வெறும் 7. அரைக்கால்தானே என்று விட்டுவிட முடியாது, சுற்றளவில் அது ஒரு சென்டிமீட்டர்.

தைக்கிற இடத்தில் நடப்பதையும் சொல்கிறேன். கிரிக்கெட் பார்ப்பவர்கள் போடும் தொப்பி பெரும்பாலும் ஆறு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு ஓரம். ஒவ்வொரு ஓரத்திலும் தையல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் மொத்தச் சுற்றளவில் 12 மி.மீ. குறைந்துவிடும். ஒரு அளவே போயிற்று! சட்டையில் இந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உள்ளே வைக்கும் வியர்வைப் பட்டி தடித்திருந்தால் அதுவும் இடத்தைத் தின்னும். பருத்தித் தொப்பியென்றால் முதல் சலவையில் சுருங்குவது வேறு.

கம்பளியை அழுத்திச் செய்யும் தொப்பி, ஓலை அல்லது நார்த் தொப்பி போன்றவற்றை அச்சில் ஏற்றி வடிவம் எடுக்கிறார்கள். அந்த அச்சு சிலரிடம் உருண்டை, சிலரிடம் நீள்வட்டம். தலையும் அப்படித்தான். சுற்றளவு ஒன்றாக இருந்தும் தொப்பி நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தி, காதுப் பக்கம் இடைவெளி விட்டால், நீளத் தலைக்கு உருண்டைத் தொப்பி வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பெரிதாக்கிப் பயனில்லை. வேறு கம்பெனியைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்குக் கூலி போனாலும் பரவாயில்லை.

அளப்பது எளிது. துணி அளக்கும் டேப்பைப் புருவத்துக்கு மேலே நெற்றியில் வைத்து, காதுக்கு ஒரு விரல் மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தின் மேல் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று தடவை அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லாத வீட்டில் வலைநூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை வாங்குவது நல்லது. தளர்ந்ததை வியர்வைப் பட்டிக்குள் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு செருகிச் சரிசெய்யலாம், இறுகியதை விரிப்பதுதான் பெரும்பாடு. காற்றடிக்கும் எங்கள் பக்கத்துக்கு, தாடைக்குக் கீழே கட்டும் நாடா வைத்தது இருந்தால் இன்னும் உத்தமம்.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காதவர்கள் பெண்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவர்களும், கடலில் பாசி எடுக்கப் போகிறவர்களும் தலையில் துணி கட்டிக்கொண்டு அதற்கு மேல்தான் தொப்பி வைக்க முடியும். கொண்டையும் இருக்கிறது. அளக்கும்போது அந்தத் துணியோடு சேர்த்து அளக்க வேண்டும். வெறுந்தலை அளவுக்கு மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுத்தால் அது வீட்டு ஆணியில்தான் தொங்கும். தலையில் கட்டும் துண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்தத் தலைக்கும் அது பொருந்துகிறது; ஆனால் முகத்துக்கு நிழல் தராது.

இருசக்கர வாகன ஹெல்மெட்டில் 580 மி.மீ., 600 மி.மீ. என்று போட்டு விற்கிறார்கள். அதே தலைக்குப் போடும் தொப்பியில் மட்டும் ஏன் முடியாது? உள்பட்டியில் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அச்சடிக்கத் தயாரிப்பாளர்களை உங்கள் இதழ் கேட்க வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் எழுத்தோடு அந்த எண்ணையும் போட்டால், திருப்பி அனுப்பும் பொட்டலங்களாவது குறையும். அதுவரை, ராமேசுவரம், தனுஷ்கோடியில் தொப்பி விற்கும் கடைக்காரர்கள் ஒரு டேப்பைக் கடையில் தொங்கவிடட்டும். விலை சில ரூபாய்தான்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்