ஏழு மணிக் கயிறு

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு,

நேற்று ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு திருவிருந்துக்கு முழங்காலிட்டேன். கை நடுங்கியது. பழைய நடுக்கம் இல்லை, இது வேறு. இரவு தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன்.

என் குடியால் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெபித்தவர்கள், பிள்ளைகளின் பீஸைக் கட்டிவிட்டுப் பேர் சொல்லாதவர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளியோடு வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், ஒரு சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துபோன போதகர் ஐயரவர்கள், எல்லோருக்கும் என் நன்றி.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஆலயத்தைக் கவனித்து மணியடிக்கிற நம் கோயில்குட்டி அண்ணாச்சியைப் பற்றி.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புகாலம் தொடங்கும் சாம்பல் புதன் சாயங்காலம். உள்ளே வரத் தைரியமில்லாமல் மணிக்கூண்டுப் பக்கம் நின்றேன். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் மாதிரி 192 அடியெல்லாம் இல்லை நம்முடையது. ஓர் ஆள் ஒளிந்து நிற்கலாம், அவ்வளவுதான். அண்ணாச்சி வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "தோள்பட்டை சரியில்லடே, இதைக் கொஞ்சம் இழு" என்று கயிற்றைக் கையில் கொடுத்தார். அப்புறம், "நாளைக்கும் வந்துரு" என்றார்.

மணி ஏழு. நான் கடைக்குக் கிளம்புகிற நேரம் அது. அவருக்கு அது தெரியாதா என்ன?

லெந்து நாற்பது நாள் என்கிறோம். ஞாயிறுகளையும் சேர்த்தால் 46. அதில் இரண்டு நாள் நான் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மணியை அடித்தது அவர்தான். மறுநாள் ஒன்றும் கேட்காமல் கயிற்றை நீட்டினார்.

"உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்ற ரோமர் நிருபத்து வசனத்தைச் சின்ன வயதில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். மறுரூபம் என்றால் விசுவாசிகளைத் துன்பப்படுத்தப் புறப்பட்ட சவுலைத் தமஸ்கு வழியில் சுற்றிப் பிரகாசித்த ஒளி மாதிரி ஒரே அடியில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒளியெல்லாம் வரவில்லை. சவுலுக்கும் அதன்பின் மூன்று நாள் கண் தெரியவில்லையே! அவன் தங்கியிருந்த நேர்த்தெருவுக்குப் பயந்துகொண்டே போன சீஷன் அனனியா, அந்த மனுஷன்மேல் கை வைத்துச் சகோதரன் என்றுதான் கூப்பிட்டான். பிறகு ஒரு ராத்திரி சீஷர்கள் அவனைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். அவர்கள் பேர்கூட வேதத்தில் இல்லை. ஒருவன் கை தளர்ந்திருந்தால், அந்தச் சவுல் பவுலாகி எழுதின ரோமருக்கு நிருபம் ஏது?

நான் முழுக்க மாறிவிட்டேன் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் மணி அடிப்பேன், அது நிச்சயம்.

போன வாரம் அண்ணாச்சி இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு படியேறிப் போனதைப் பார்த்தேன். தோள்பட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

கயிறு நைந்திருக்கிறது, புதுக்கயிறு என் செலவு. நம் தெருக்களில் ஏழு மணியானால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாராவது மணிக்கூண்டுப் பக்கம் வந்து நின்றால், எனக்கும் தோள்பட்டை வலிக்கும்.

உங்கள் சகோதரன்