வேம்பின் வேரை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடு

பள்ளத்தூர்
ஆவணி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணத்தைத் தை மாதம் தேவகோட்டை வீட்டிலேயே நடத்தப் போகிறாய் என்று படித்ததும் முதலில் ஆத்தாவிடம்தான் சொன்னேன். அவர்களுக்குக் கண் அறுவை முடிந்து இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. முகப்பில் கோலம் போட நானும் வருவேன் என்கிறார்கள். இத்தனை காலம் பூட்டிக் கிடந்த வீட்டில் பந்தி நடக்கப் போகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் வீட்டின் பின்பகுதியான பின்கட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அது மனசுக்கு ஒப்பவில்லை. அங்கே வெட்டிய வேம்பின் அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, அதன் மேலேயே 4 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னாராம். தயவுசெய்து விடாதே.

மரத்தை வெட்டியாயிற்று, இனி என்ன என்று தோன்றும். வேம்பு அப்படிப்பட்ட மரமில்லை. அடிக்கட்டையிலிருந்தும் துளிர்க்கும், காயம்பட்ட வேரிலிருந்தும் துளிர்க்கும். துளிர்க்காமல் செத்தால் மக்கும். மக்கிய இடமெல்லாம் பொந்து. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் நின்றால் தாங்காது, விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் நேரே உன் சுவரின் அஸ்திவாரத்துக்குத்தான் போகும். ஈரத்தில் ஊறிய செத்த வேர் என்றால் கரையானுக்கு விருந்து. உன் வீட்டுப் பர்மா தேக்கை அது அவ்வளவு சுலபத்தில் தொடாது. ஆனால் மற்ற மரத்தில் செய்த சட்டங்களும், அலமாரியில் இருக்கும் உன் அப்பச்சியின் கணக்குப் புத்தகங்களும் என்ன ஆகும்?

அதனால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கச் சொல். ஜேசிபியை வீட்டின் வளவுச் சுவர் பக்கம் விடாதே, ஆட்கள் மம்பட்டியும் கடப்பாறையும் வைத்துச் செய்யட்டும். பெருவிரலை விடத் தடித்த வேரையெல்லாம் எடுத்துவிட வேண்டும். நார் வேரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான வேர்கள் மேல் 2, 3 அடிக்குள்தான் ஓடும். அமிலம் ஊற்றலாம், டீசல் ஊற்றிக் கொளுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பக்கத்திலேயே கிணறு இருக்கிறது.

முக்கியமான இடம் சுவரோரம்தான். அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்திருக்கும் வேரைச் சங்கிலி கட்டி இழுக்கவே கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் அந்த அசைவைத் தாங்காது. சுவர் மட்டத்தில் ரம்பத்தால் அறுத்து, வாயைச் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து இறுக அடைத்துவிடலாம். நீளமாக ஒரே பள்ளமாகவும் வெட்ட வேண்டாம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், 3 அடி நீளத்துக்கு மட்டும் தோண்டி, வேரை எடுத்து, மூடிவிட்டு, அப்புறம் அடுத்த 3 அடி. ஆட்கள் முணுமுணுப்பார்கள். நீ பக்கத்தில் நின்று செய்ய வை.

தோண்டிய மண்ணையும் வேர்த்துண்டையும் கலந்து பள்ளத்தை மூடினால் எல்லாம் வீண். நம் பக்கம் கிடைக்கும் சரளையையே கொட்டி, 6 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இங்கே நம் வீட்டில் பின்வாசல் புளிய மரத்துக்கு இப்படித்தான் செய்தோம். வேரை எடுத்ததை விட இடித்ததற்குத்தான் நேரம் பிடித்தது.

இனி என் யோசனையைக் கேள். கல்யாணத்துக்கு முன்னால் கான்கிரீட் போடவே வேண்டாம். இப்போதே வேரை எடுத்துச் சரளையை இடித்து வைத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தானாக அமர்ந்துவிடும். எங்கே உள்வாங்குகிறதோ அங்கே மறுபடி கொட்டிச் சமப்படுத்தலாம். கல்யாணச் சமையலுக்கும் அந்தத் தரை போதும். பந்திச் சமையலுக்குத் தரையில் போடும் பெரிய கோட்டை அடுப்பின் சூட்டில் கான்கிரீட் தெறித்து உதிரும். சரளைக்கு ஒன்றும் ஆகாது. மாசியில் நிதானமாகக் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம்.

போடும்போதும் சுவரை ஒட்டிப் போடாதே. ஓர் அடி விட்டு, அந்த இடத்தில் ஜல்லி நிரப்பு. சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேண்டும். சிமெண்டால் அடைத்தால் மண்ணின் ஈரம் சுவர் வழியாகத்தான் மேலே ஏறும், அப்புறம் பூச்சு உப்புப் பூத்து உதிரும். தரை வாட்டம் வீட்டை விட்டு வெளியே, 4 அடிக்கு ஓர் அங்குலம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் வீட்டுத் தண்ணீரை ஊருணி வரைக்கும் வாட்டம் பார்த்துக் கொண்டுபோனவர்கள் நம் பெரியவர்கள். பின்கட்டு வாட்டமாவது நாம் சரியாக வைப்போம்.

வருகிற வெள்ளிக்கிழமை தேவகோட்டை வருகிறேன். மேஸ்திரியை அன்று காலை வரச் சொல், நானே பேசுகிறேன். அதற்குள் சிமெண்ட் மூட்டை எதுவும் இறக்க வேண்டாம். இப்போது வாங்கினால் மாசி வரை கிடந்து கட்டிதட்டிப் போகும்.

அன்புடன்,
உன் பள்ளத்தூர் நண்பன்