ஸ்பீக்கரை விடு, ஜாக்கைப் பார்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. மும்பை மாட்டுங்காவில் இன்னும் மழை விடவில்லை என்கிறாய். இங்கே ஏரிக்கரைக் காற்று சில்லென்று ஆகிவிட்டது. தமிழ்ச் சங்கம் பக்கம் மாலையில் நடக்கப் போகிறவர்கள் ஸ்வெட்டரோடுதான் போகிறார்கள்.

பரணிலிருந்து இறக்கிய கேம்பாய் அட்வான்ஸில், அதுதான் அந்தக் கையடக்க வீடியோ கேம் பெட்டியில், படம் நன்றாக வருகிறது, சத்தம் மட்டும் இல்லை, லேமிங்டன் ரோட்டில் புது ஸ்பீக்கர் வாங்கிவிடவா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. 2001-இல் வெளிவந்த பெட்டி அது. அதில் ஸ்பீக்கர் கடைசியாகத்தான் சாகும். அதற்கு முன்னால் சாகக் கூடியவை இரண்டு உண்டு: ஹெட்போன் செருகும் துளையான ஜாக், வால்யூம் சக்கரம். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரண்டுமே நல்ல தீனி.

ஹெட்போன் போட்டால் கேட்கிறதா என்று நீ எழுதவே இல்லையே! வைத்தியமே அங்கேதான் தொடங்குகிறது. ஹெட்போனில் இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டு, ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால், ஒலி ஜாக் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டது. பழுது ஜாக்கிலோ, ஸ்பீக்கர் வயரிலோ, ஸ்பீக்கரிலோதான். ஹெட்போனிலும் இல்லை என்றால் வால்யூம் சக்கரத்தையும் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் திருப்பும்போது கரகரவென்று வந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சத்தம் எட்டிப் பார்த்தால், சக்கரத்துக்குள் அழுக்கு. வேறு யோசனையே வேண்டாம்.

ஜாக் விஷயம் என்னவென்றால், அதற்குள் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. ஹெட்போன் பின் செருகாதபோது அது இன்னொரு உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடுகை வழியாகத்தான் ஸ்பீக்கர் உயிர் வாழ்கிறது. பின் உள்ளே போனதும் நாக்கு விலகி, ஸ்பீக்கர் அணைந்துவிடும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தத் தொடுகையில் பாசி மாதிரி ஆக்ஸைடு படிகிறது, அல்லது நாக்கு வளைந்து திரும்பி வராமல் நின்றுவிடுகிறது. பெட்டி என்ன நினைக்கும்? யாரோ ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

ஆகவே, பெட்டியைத் திறக்காமலே முதல் வைத்தியம். இரண்டு பேட்டரியையும் கழற்று. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஹெட்போன் பின்னின் மேல் லேசாகத் தடவி, இருபது முப்பது தடவை செருகி எடு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருப்பிக்கொடு. பதினைந்து நிமிஷம் காயவிட்டு பேட்டரியைப் போடு. பல பெட்டிகள் இதிலேயே பேச ஆரம்பித்துவிடும். சானிடைசரைத் தொடாதே, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். இன்றைக்கு வழுக்கும், அப்புறம் தூசியைச் சேர்த்து வைக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் திறக்கத்தான் வேண்டும். பின்புறம் மூன்று கால் உள்ள ஒய் வடிவத் தலையோடு ஆறு ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ ஒன்று. ஒய் தலைக்கு அதற்கென்று உள்ள டிரைவர்தான் வேண்டும். மைனஸ் டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கி, அப்புறம் டிரில் போடுகிற நிலைமை. மூடியைத் தூக்கும்போது எல், ஆர் பட்டன்கள் தங்கள் ஸ்பிரிங்கோடும் ஊசி போன்ற கம்பியோடும் கழன்று ஓடும். வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல் வைத்து வேலை செய். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தூக்க வேண்டி வந்தால் திரையின் ரிப்பன் கேபிளை இழுக்காதே. சாக்கெட்டின் இரு பக்கக் காதுகளையும் நகத்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளு, அதுவாக விடும்.

இப்போது மல்டிமீட்டர். அதை பீப் அடிக்கிற நிலையில் வைத்து, ஜாக்கின் அந்த இரு தொடுகைக் கால்களிலும் முனைகளை வை. பின் இல்லாதபோது பீப், செருகினால் மௌனம். அப்படி வந்தால் ஜாக் யோக்கியன். எப்போதும் மௌனம் என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அடுத்து ஸ்பீக்கர். போர்டிலிருந்து ஒரு வயரையாவது எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பாய். மீட்டரில் 8 ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் நலம். எண்ணே வராமல் ஓஎல் என்று நின்றால் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் கைவசம் இல்லையா? 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு நொடி தொட்டு எடு. ‘டக்’ என்றால் உயிர் இருக்கிறது. வைத்துக்கொண்டே இருக்காதே, சூடாகிவிடும்.

சத்தம் வருகிறது, ஆனால் பிசிறடிக்கிறது என்றால் அது வேறு கதை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தாலும் அப்படி வரும், முதலில் புது பேட்டரி போட்டுப் பார். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் பிசிறு என்றால் ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது காந்தம் இரும்புத்தூளை இழுத்து வைத்திருக்கும். தூளை செலோடேப் ஒட்டி எடு. மூடியில் உள்ள துளைகளை டூத் பிரஷால் தேய். குண்டூசியால் குத்துகிற ஆசாமிகள்தான் சவ்வில் ஓட்டை போடுகிறவர்கள்.

புது ஸ்பீக்கர் வாங்கியே தீர வேண்டும் என்றால் பழையதைக் கையில் கொண்டு போ. கிராண்ட் ரோடு கடைக்காரர் ‘இதுவும் அதேதான் சேட்’ என்று ஏதாவது மொபைல் ஸ்பீக்கரை நீட்டுவார். விட்டம், கனம் இரண்டையும் அளந்து பார். முக்கியம், 8 ஓம் மட்டுமே. 4 ஓம் போட்டால் சத்தம் கூடும் என்று சொல்வார்கள். ஆம்ப்ளிஃபையர் அதே வோல்ட்டுக்கு இரு மடங்கு கரண்ட் தள்ள வேண்டியிருக்கும். சூடாகும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

பற்றவைக்க 25 வாட் அயர்ன், மெல்லிய ஈயம், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம் போதும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் முனையை அழுத்தினால் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் உருகும், போர்டின் செம்புத் தகடு உரியும். ஒரே ஒரு ஸ்பீக்கர் என்பதால் வயர் எது எங்கே என்று கவலை வேண்டாம். மாற்றி வைத்தாலும் கேட்கும். ஸ்பீக்கரை உட்கார வைக்க சூப்பர் க்ளூ பக்கமே போகாதே, அதன் ஆவி மூடியில் வெள்ளை பூக்கும், சவ்வையும் விறைக்க வைக்கும். இரு பக்க டேப் நல்லது.

ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரைச் சுற்றி மூடியோடு ஒட்டி நிற்கிற ஸ்பாஞ்சு வளையம். ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. வளையம் இல்லாவிட்டால் முன்காற்றும் பின்காற்றும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். கனமான ஒலிகள் முதலில் போய், தகர டப்பா சத்தம் மிஞ்சும். புது ஸ்பீக்கர் போட்டும் குரல் மெலிந்தே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த வளையத்தைத் தூக்கிப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். பழையது பொடிந்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் ஃபோம் டேப்பை வெட்டி ஒட்டு.

உன் மச்சினரிடம் இருக்கும் இன்னொரு கையடக்கப் பெட்டி, சேகா கேம் கியர் பற்றியும் கேட்டிருந்தாய். அது 1990-இல் வந்தது, அதன் வியாதியே வேறு. சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகிறது என்றால் அதன் ஒலிப் போர்டில் இருக்கும் கெபாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் குட்டிப் பாகங்கள், கசிந்திருக்கும். அயர்ன் வைத்தால் மீன் வாடை வரும். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடச் சொல். அதன் கொள்ளளவான மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூடினால் பாதகமில்லை. அலுமினியக் குப்பியில் கறுப்புக் கோடு மைனஸ். டான்டலம் வகைக் கெபாசிட்டரில் கோடு பிளஸ். இதை மாற்றிப் போட்டால் டான்டலம் புகையும், சில சமயம் வெடிக்கும்.

மீட்டர் என்ன காட்டியது என்று எழுது. ஓஎல் என்றால் அடுத்த வாரம் எஸ்.பி. ரோட்டில் தேடிப் பார்க்கிறேன். விட்டமும் கனமும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
கண்ணன்