லேத்துக்குப் பக்கத்தில் துப்பட்டா வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலைக்கு என்ன உடுத்துவது என்ற பேச்சு எப்போது எழுந்தாலும் அலுவலகத்தைத் தாண்டுவதில்லை. 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உத்தரவு, சுடிதார் என்றால் துப்பட்டாவும் வேண்டும் என்றது. மேசை வேலைக்கு அது தேவையா என்று விவாதித்துக்கொள்ளலாம். அதே கண்ணியத்தைச் சொல்லி, இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தில் நிற்கும் பெண்ணையும் துப்பட்டா போட வைப்பது உயிரோடு விளையாடுவது.

லேத்தில் 25 மி.மீ. தடிமனுள்ள கம்பி நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வினாடியில் அது ஏறக்குறைய 1.9 மீட்டர் துணியை இழுத்துச் சுற்றிவிடும். துப்பட்டாவின் நீளமே இரண்டேகால் மீட்டர்தான். துணி சுற்றச் சுற்றத் தடிமன் ஏறி, இழுக்கும் வேகமும் கூடும். கை சுவிட்சைத் தொட்டாலும், கம்பியைக் கவ்விச் சுழற்றும் சக் உடனே நிற்காது. சக்கின் தாடையில்தான் துணி மாட்டும், வழவழப்பான கம்பியில் மாட்டாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஒரு சுற்று சுற்றிவிட்டால் துணி தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்.

ஆண்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கைலி, இன் செய்யாத சட்டை, மணிக்கட்டுக் கயிறு, மோதிரம் எதுவும் ஆகாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை இப்போது நிர்வாகமே மாட்டிவிடுகிறது. அதை மிஷின் பக்கம் போகும்முன் கழற்ற வேண்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் உள்பக்கமாக மடிக்க வேண்டும். வெளிப்பக்கம் மடித்தால் அந்த மடிப்பில் சூடான இரும்புச் சுருள் விழும். லேத்திலும் டிரில்லிங்கிலும் கையுறை கூடவே கூடாது. விரல் நுனித் துணி மாட்டினால் கையே போகும்.

வெல்டிங்கில் எல்லாம் தலைகீழ். முழுக்கை வேண்டும், தோல் கையுறை வேண்டும், துணி பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிறு பட்டறைகளில் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கிறார். வெல்டிங் முடித்த கையுறையோடு அப்படியே டிரில்லிங்குக்குப் போவது அங்கேதான் அதிகம்.

ஓடும் இயந்திரத்தைச் சரிபார்ப்பவர் இறுக்கமான உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு எழுதிவைத்தது. அந்த அக்கறை இயந்திரத்தை இயக்குபவர்களுக்கும் வேண்டும். துப்பட்டாவுக்குப் பதில் ஓவர்கோட் கொடுங்கள். தொழிலகப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வுக்கு வரும்போது இதையும் கேட்கட்டும். அந்த உடை இப்படி இருக்கட்டும்: பருத்தித் துணி, முழங்கைக்கு மேல் நிற்கும் கை, கட்டு நாடாவுக்குப் பதில் பட்டன், தலைமுடியை முழுதாக மூடும் தொப்பி. உள்ளூர்த் தையல்காரரே தைத்துத் தருவார். துவைத்து மாற்ற ஆளுக்கு இரண்டு.

– பட்டறைப் பயிற்றுநர், கோவை