லாக்புக்கில் கையெழுத்திட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டு மின்பணி கற்றுக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பு இந்த ஆகஸ்டில் ஒரு சுற்று முடிந்தது. இந்த நாட்டில் இது மகளிர் மாதம். 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸ் அரசு வளாகத்துக்கு ஊர்வலம் போன பெண்களைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் இந்த வகுப்பைத் தாங்கியவர்கள் எந்த மேடையிலும் ஏறவில்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் எதுவும் எழுதவில்லை. செய்ததை எழுதியிருக்கிறோம், அவரவர்க்குத் தெரியும்.

முதல் நன்றி, பணியிடம் கொடுத்த மின் ஒப்பந்தக்காரர்களுக்கு. மின்பணியில் பாடத்தைக் கல்லூரியில் படித்துவிடலாம். டிரேடு டெஸ்ட் என்ற தொழில் தகுதித் தேர்வுக்குப் போக அது போதாது. பணியிடத்தில் என்னென்ன வேலை செய்தோம் என்று லாக்புக்கில் பதிந்து, தகுதி பெற்ற ஆர்ட்டிசன் (தேர்ச்சி பெற்ற தொழிலாளி) ஒருவர் கையெழுத்திட வேண்டும். பெண் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள், பிறகு டீ போடச் சொல்வார்கள், பில் எழுதச் சொல்வார்கள், கூட்டிப் பெருக்கச் சொல்வார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கான்ட்யூட் (கம்பி செல்லும் குழாய்) பக்கம் வெறுமை, டி.பி. போர்டு (மின் பகிர்வுப் பெட்டி) பக்கம் வெறுமை, பழுது கண்டறியும் பக்கமும் வெறுமை. லாக்புக் நிறையாமல் டிரேடு டெஸ்ட் கிடையாது. அது இல்லாமல் ரெட் சீல் என்ற தொழில் சான்றிதழ் கிடையாது. மேலே தொழிலாளர் துறையில் பதிவும் கிடையாது. பதிவு இல்லாதவர், வீட்டு மின்னமைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழில் கையெழுத்திட முடியாது. வீடு கைமாறும்போது இரண்டு வருஷத்துக்கு மேல் பழசாகாத சி.ஓ.சி. வேண்டும் என்பது சட்டம். அந்தக் கையெழுத்துக்குத்தான் காசு. அது இல்லாதவர் எவ்வளவு நன்றாக வேலை தெரிந்திருந்தாலும் காலமெல்லாம் இன்னொருவருக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

நீங்கள் வாரத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்தீர்கள். மின்சாரம் துண்டித்த சர்க்யூட்டில் தப்பு செய்ய விட்டீர்கள். பிடுங்கி நீங்களே செய்யாமல் பக்கத்தில் நின்றீர்கள். செய்த வேலைக்கு அன்றைக்கே கையெழுத்திட்டீர்கள். இதைவிடப் பெரிய உதவி இந்தத் தொழிலில் இல்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளிலிருந்து கழற்றிய டி.பி. போர்டுகளைக் குப்பைக்கு அனுப்பாமல் எடுத்து வைத்திருந்து கொடுத்தவருக்குத் தனியாக நன்றி. தண்ணீரில் மூழ்கிய பிரேக்கரையும் எர்த் லீக்கேஜையும் (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் மனதில் நிற்காது. ஒன்றை உடைத்து, உள்ளே ஸ்பிரிங்கில் ஏறிய துருவையும் தொடுமுனையில் படிந்த சேற்றையும் காட்டினால் ஒரே நாளில் நிற்கும். வெளியே பார்க்க அது புதுசு போலவே இருந்தது.

நன்றாக இருந்த பெட்டிகளைக் கொண்டு, 1.2க்கு 2.4 மீட்டர் ஷட்டர்போர்டு ஒட்டுப்பலகைகளின் மேல் பயிற்சிச் சுவர்கள் அமைத்துக்கொடுத்தார் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் தாத்தா ஒருவர். அவர் வேண்டுமென்றே வைத்த பழுதுகள்தான் வகுப்பின் உயிர். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம், மற்றவர்களுக்கும் உதவும். சாக்கெட் சர்க்யூட்டின் லைவ் (மின்சாரம் வரும் கம்பி) எர்த் லீக்கேஜ் வழியாகப் போகிறது. நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் கம்பி) மட்டும் அதைச் சுற்றிக் கொண்டுபோய் வேறு இணைப்புப் பட்டையில் மாட்டிவிட்டார். எதையும் செருகாதவரை சும்மா இருக்கும். கெட்டிலைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் விழும், அதாவது தானே அணையும். பழகாதவர் கெட்டிலைத்தான் குறை சொல்வார். உண்மையில் போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் கருவிக்குள் சமமாகவில்லை. வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டும் முன்பே அது விழுவதற்குத்தான் செய்யப்பட்டது. டோஸ்டரைச் செருகினாலும் விழுகிறதா? அப்படியானால் நியூட்ரலைத் தேட வேண்டும். சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விழுகிறதா? அது வேறு பழுது. எங்கோ நியூட்ரல் எர்த்தை (நிலத்தோடு இணைந்த பாதுகாப்புக் கம்பி) தொடுகிறது. ஒற்றை முனை பிரேக்கர் லைவை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். மெயினை அணைத்துப் பூட்டி, நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால் குற்றவாளி அகப்படும்.

தாத்தா எப்போதும் டெஸ்டரை முதலில் உயிருள்ள (மின்சாரம் உள்ள) ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வார். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில். பிறகு மறுபடி அதே சாக்கெட்டில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் உயிருள்ள கம்பியும் செத்ததாகத்தான் காட்டும். இந்த மூன்று தொடுகையை விட்ட பிள்ளையை அவர் அன்றைக்கு மேலே வேலை செய்ய விட்டதில்லை. அந்தக் கண்டிப்புக்கும் நன்றி, தாத்தா.

ஹார்ட்வேர் கடைக்காரருக்கு: 1.5, 2.5 சதுர மி.மீ. கம்பிச் சுருள்களுக்கும் 20 மி.மீ. கான்ட்யூட்டுக்கும் நன்றி. அவற்றைவிட முக்கியமாக, அளவு 7, 8 கையுறைகளை வரவழைத்ததற்கு. 500 வோல்ட் வரை தாங்கும் 00 வகுப்பு ரப்பர் கையுறை, கடைகளில் பெரும்பாலும் பெரிய கைகளுக்கே இருக்கும். பெரிய கையுறையோடு ஸ்க்ரூவைப் பிடிக்க வராது, வராவிட்டால் கழற்றிவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்து அழுத்திப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும். பட்டால் அந்தக் கையுறை குப்பைக்கு.

அவரே டார்க் ஸ்க்ரூடிரைவர் (குறித்த அளவுக்கு இறுக்கும் திருப்புளி) ஒன்றையும் இரவல் தந்தார். 'பொம்பளைக் கைக்கு இறுக்கம் போதாது' என்ற பேச்சு அதோடு அடங்கியது. பிரேக்கரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குத் திருப்பி வைத்து, 'டிக்' என்று சொல்லும்வரை திருகினால் யார் கையானாலும் ஒன்றுதான். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும். மிஞ்சி இறுக்கினால் கம்பியின் இழைகள் நசுங்கி, நாளடைவில் அதுவும் தளரும். பலசாலிகள் செய்த போர்டுகளில் நாங்கள் அதிகம் பார்த்திருப்பது இந்த இரண்டாவது பழுதைத்தான்.

கான்ட்டி சூட் என்ற வேலை உடையைத் தைத்துக்கொடுத்த அக்காவுக்கு: ஒரே துண்டாக வரும் ஓவரால் போட்டால் கழிப்பறை போக மேலிருந்து கீழ்வரை கழற்ற வேண்டும். அதனாலேயே பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வார்கள். நீங்கள் இரண்டு துண்டாக, இடுப்புக்கும் தோளுக்கும் தனித்தனியே அளவெடுத்து, முழுப் பருத்தியில் தைத்தீர்கள். நைலான் கலந்த துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

தாலி விஷயத்தில் துணை நின்ற பெரியம்மாக்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உயிருள்ள போர்டுக்கு முன்னால் குனியும்போது தங்கச் சங்கிலி தொங்கக் கூடாது. வளையலும் மோதிரமும்கூடக் கூடாது. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் விழுந்தால் நொடியில் பழுக்கக் காயும். இதை நாங்கள் சொன்னபோது வீடுகளில் முகம் சுளித்தார்கள். நீங்கள் வந்து, 'வேலை நாளில் மஞ்சள் கயிறு போதும், அதை உள்ளே செருகிக்கொள்ளட்டும், தாலிக்கு ஒரு குறையும் இல்லை' என்று மாமியார்களிடம் பேசினீர்கள். இரண்டு பிள்ளைகள் வகுப்பில் நீடித்தது அந்த ஒரு பேச்சால்.

சனிக்கிழமைகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமாருக்கும், காலை 7 மணிக்கு வேலை தொடங்கும் இடங்களுக்குக் காரில் ஏற்றிச்சென்ற அண்ணன்மாருக்கும், மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

கடைசியாக, இன்வெர்ட்டர் ஒன்றைப் பாடத்துக்குக் கொண்டுவந்த தம்பிக்கு. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் வீட்டுக்கு வீடு மாட்டிய பெட்டிகளில் பலவற்றில் ஒரே குறை: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பு இல்லை. அந்த நேரத்தில் பழுதான கருவியைத் தொட்டால் எர்த் லீக்கேஜ் விழாது. டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் மட்டும் விழும். அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடவிட்டு, சாக்கெட்டில் மீட்டரை மாட்டிச் சோதிக்க வேண்டும் என்று நீ காட்டினாய். இப்போது எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

அடுத்த சுற்றுக்கு லாக்புக்குகள் தயாராக இருக்கின்றன. கான்ட்யூட் பக்கத்துக்கும் டி.பி. பக்கத்துக்கும் பணியிடம் கிடைத்துவிட்டது. மூன்று ஃபேஸ் வேலை உள்ள ஒப்பந்தக்காரர் ஒருவர்தான் இன்னும் வேண்டும்.

நன்றியுடன்,
பயிற்சி நடத்தியவர்கள்,
சாட்ஸ்வொர்த், டர்பன்