'பதிலாக' அல்ல, 'அடியில்'

ஆசிரியர் அவர்களுக்கு,

கழிவுப் பொருட்களால் புகையிரதப் பாதை அமைப்பது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "பழைய ரயர்களையும் பிளாஸ்ரிக்கையும் கருங்கல்லுக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் கீழ் கொட்டிவிடலாம்." கொட்டிவிடலாமாம்! தங்களுக்குத் தெரியாததல்ல, பாதையைக் கொட்டுவதில்லை, படை படையாகப் போடுவார்கள். சிலிப்பர் கட்டைக்குக் கீழே 250 முதல் 300 மி.மீ. வரை பெருஞ்சல்லி, அதன் கீழே சிறுசல்லியும் கிறவலும் கலந்த படை, அதற்கும் கீழே இறுக்கிய மண் அணை. பெருஞ்சல்லியின் கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் கட்டை அசையாமல் கிடக்கிறது. அந்த இடத்தில் பிளாஸ்ரிக்கைப் போட்டால் முதல் எண்ணெய் வண்டியோடு பாதை நெளிந்துவிடும்.

இந்தத் துறையில் உலகப் பெயர் பெற்றவர் இலங்கை வம்சாவளியினரான பேராசிரியர் புத்திம இந்திரரத்ன. அவரும் அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகக் குழுவினரும் உருக்காலைக் கசடு, நிலக்கரி கழுவிய கழிவு, றப்பர் துருவல் மூன்றையும் கலந்து சல்லிக்கு அடியில் வரும் படைக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். றப்பர் எடையில் சுமார் 10 வீதம். அதற்கு மேல் போனால் படை மெத்தைபோல் அமுங்கும். எமது நாட்டில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை, இரும்புத்தாது உருக்கும் உலையும் இல்லை. அந்தக் கலவையை அப்படியே இங்கே போடு என்றால் கசட்டைக் கப்பலில் இறக்க வேண்டும். துறைமுகம் எங்களிடம் இருக்கிறது, கவலையில்லை.

அந்த 10 வீதம் எடைக்கணக்கு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. கல்லின் அடர்த்தி நீரினதைப்போல் சுமார் 2.7 மடங்கு, றப்பரினது 1.15 மடங்கு. எடையில் 10 வீதம் என்பது கன அளவில் ஏறத்தாழ 21 வீதம். கூடைக்கணக்கில் நூற்றுக்குப் பத்து என்று கலந்தால், போட வேண்டிய றப்பரில் பாதிகூடத் தேறாது. கலவை லொறியில் குலுங்கி வரும்போதே றப்பர் பிரியும், ஆகவே இடத்திலேயே கலக்க வேண்டும். ரோலர் ஏறி இறங்கியதும் றப்பர் மீண்டும் எழும்பும், 150 மி.மீ. படையாகப் பரப்பி, ஈரம் பார்த்து, வழக்கத்தை விடக் கூடுதலான தடவை உருட்ட வேண்டும். துருவலில் ஒட்டியிருக்கும் கம்பியைக் காந்தத்தால் எடுக்காவிட்டால் எங்கள் கடலோரச் சீனன்குடாவின் உப்புக் காற்றுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முழு ரயரையும் பயன்படுத்தலாம். ஒரு பக்கச் சுவரை வெட்டிவிட்டு, துணிவிரிப்பின் மேல் நெருக்கி அடுக்கி, உள்ளே கல்லை நிரப்பி இறுக்கினால் கல் பக்கவாட்டில் பரவாது. ஆனால் வேலை தொடங்கும் வரை அந்த ரயர்களைக் குவித்து வைத்தால், ஒக்டோபர் மழைக்கு முதலில் விளைவது டெங்கு நுளம்பு. ரயரில் நாகம் (துத்தநாகம்) என்னும் உலோகமும் உண்டு. தம்பலகாமத்தில் பாதையின் இருபுறமும் வயல். வடியும் நீரைச் சோதிக்காமல் அங்கே கைவைக்கக் கூடாது.

இடித்த கட்டடக் கழிவையும் சிபாரிசு செய்திருக்கிறார் கட்டுரையாளர். கொங்கிறீட்டை உடைத்துச் சலித்தால் கீழ்ப்படைக்கு உதவும். செங்கல் கலந்தால் பாரத்தில் மாவாகி, மழைநீரோடு குழைந்து, ஒவ்வொரு வண்டிக்கும் சேறாக மேலே பீச்சும். கந்தளாய் ஆலைகளின் உமிச்சாம்பல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சரியாக எரிந்த சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் களிமண் அணை இறுகும். பாதி எரிந்த கறுப்புச் சாம்பல் பிடிக்காது. எங்கள் ஊர்ப் பொருள் என்பதால் கண்ணில் படவில்லை போலும்.

முதலில் மீளப் பயன்படுத்த வேண்டிய 'கழிவு' பாதையோரத்திலேயே கிடக்கிறது. மாற்றி எடுத்த பழைய சல்லியைச் சலித்து, தேறுவதைக் கீழ்ப்படைக்குப் போடாமல், வடிகாலுக்குள் தள்ளி விடுகிறார்கள். வடிகால் அடைபட்டால் பாதை அமிழும். அதன்பின் வண்டி தாமதித்தால் யானையையும் வெயிலையும் குறை சொல்லிச் செய்தி போடுவது தங்கள் பத்திரிகை. ஒருமுறை 'தண்டவாளம் தடம் புரண்டது' என்றே தலைப்பிட்டீர்கள். அது எங்கே புரண்டு போனதோ! 1927 இல் திறந்த எங்கள் திருகோணமலைப் பாதையைப் பற்றி எழுதும்போதெல்லாம் வேறு நாட்டின் ஒரு மீற்றர் அகலப் பாதையின் படம்தான் அச்சாகிறது. எமது பாதையின் அகலம் 1676 மி.மீ. சீனன்குடாவில் இறங்கினால் படம் இலவசம்.

பரீட்சார்த்தமாகச் செய்வதானால் கல்லோயாவிலிருந்து இங்கு வரும் வழியில் ஒரு பாலத்தின் இரு முனைகளில் தொடங்கலாம். இறுகிய பாலத்திலிருந்து இளகிய மண்ணுக்கு வண்டி இறங்கும் அந்த இடத்தில்தான் சல்லி நொறுங்குகிறது. சல்லிக்கு அடியில் 10 மி.மீ. றப்பர் விரிப்பு அங்கேதான் பயன் தரும். அதை யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும்.

தங்களிடம் கேட்பது ஒரு திருத்தம் மட்டுமே. 'பதிலாக' என்பதை 'அடியில்' என்றும், 'கொட்டிவிடலாம்' என்பதைச் 'சலித்து, அளந்து, இறுக்கிப் பரப்பலாம்' என்றும் மாற்றி, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். மரண அறிவித்தல்களின் கீழ் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.